மிஞ்சிய சோறும் உங்கள் சர்க்கரை அளவும்

மதுரையிலிருந்து 43 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கடிதத்தின் சுருக்கம்:

"வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், மாமியார், கல்லூரி போகும் மகன், எட்டாவது படிக்கும் மகள். மாமியார் காலையிலேயே நாலு டம்ளர் அரிசி வைத்துவிடுவார். யாராவது வந்தால் வேண்டும் என்பார். தினமும் சோறு மிஞ்சும். கொட்ட விடமாட்டார். ஃபிரிட்ஜில் வைத்ததை கணவர் தொடமாட்டார், பிள்ளைகளும் அப்படியே பழகிவிட்டார்கள். கடைசியில் நான்தான் சாப்பிட்டுத் தீர்க்கிறேன். மகள் தட்டில் வைக்கும் மிச்சமும் எனக்குத்தான். சில வருஷத்தில் ஒன்பது கிலோ கூடிவிட்டேன். போன மாதம் எடுத்த பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.1 என்று வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்கும் காய்கறியில் பாதி வியாழக்கிழமை அழுகிவிடுகிறது. மிஞ்சிய சோற்றைச் சூடு பண்ணிச் சாப்பிட்டால் விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. பழைய சோறு நல்லது என்றும் அதே வாட்ஸ்அப்பில் வருகிறது. எதை நம்புவது? எதையும் வீணாக்காமல், எனக்கும் உடம்பு கெடாமல் எப்படிச் சமாளிப்பது?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மிஞ்சியதை நீங்கள் சாப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். உங்களுக்குப் பசித்த அளவுக்கு மேல் உள்ளே போகும் சோறும் வீணான சோறுதான். குப்பைக்குப் போயிருந்தால் அரிசிக் காசோடு போயிருக்கும். உங்களுக்குள் போனதால் மருந்துச் செலவும் சேர்ந்து வரப்போகிறது. 150 கிராம் சோறு, அதாவது ஒரு நடுத்தரக் கிண்ணம், ஏறக்குறைய 200 கலோரி. அதில் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு, பாத்திரம் கழுவுவதற்கு முன், நின்றுகொண்டே சாப்பிடும் அந்தக் கிண்ணத்தை நம் பெண்கள் யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. என்னிடம் வருபவர்களிடம் "என்ன சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டால் காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளையைத்தான் சொல்வார்கள். "மிஞ்சியதை என்ன செய்வீர்கள்" என்று தனியாகக் கேட்டால்தான் நாலாவது வேளை வெளியே வரும்.

எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5 தொட்டால் நோய். நீங்கள் 6.1-இல் இருக்கிறீர்கள். இந்த இடத்திலிருந்து பலர் திரும்பி வந்திருக்கிறார்கள். அதனால் பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

சரி, நீங்கள் சாப்பிடாவிட்டால் அந்தச் சோறு என்ன ஆவது? அதற்கு மிஞ்சாமல் வைக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். இரவில் பாத்திரத்தில் மிஞ்சும் சோற்றை, அரிசி அளக்கும் அதே டம்ளரால் அளந்து பாருங்கள். ஒரு டம்ளர் அரிசி வெந்தால் ஏறக்குறைய மூன்று டம்ளர் சோறு. தினமும் மூன்று டம்ளர் மிஞ்சுகிறது என்றால் நீங்கள் ஒரு டம்ளர் அரிசி கூடுதலாக வைக்கிறீர்கள். மாதத்துக்கு அது ஐந்து கிலோ அரிசி. 25 கிலோ சிப்பம் வாங்கும் வீட்டில் ஐந்து மாதத்துக்கு ஒரு சிப்பம் முழுசாக இப்படிப் போகிறது. வேக வைத்த கேஸ் தனி.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். புது அரிசியைவிடப் பழைய அரிசி அதிகம் உபரி காணும். கடைக்காரர் சிப்பத்தை மாற்றிக் கொடுத்த வாரம் திடீரென்று சோறு மிஞ்சினால் அதுவும் காரணமாக இருக்கலாம். சிப்பம் மாறும்போதெல்லாம் அளவையும் ஒருமுறை சரிபாருங்கள். அப்புறம், சாயங்காலம் நாலு மணிக்கு மகனுக்கும் கணவருக்கும் ஒரு போன்: "ராத்திரி வீட்டில் சாப்பாடா?" கல்லூரி போகிற பையன் நண்பர்களோடு பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவது ஒன்பது மணிக்குத் தெரிவதில் பயனில்லை.

உங்கள் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் அவர் மேல் கொஞ்சம் கோபம் தெரிகிறது. அவர் எழுபதைத் தாண்டியவராக இருந்தால் 1960-களின் அரிசித் தட்டுப்பாட்டைச் சிறுமியாகப் பார்த்திருப்பார். ரேஷன் கடை வாசலில் நின்றதும், ஒரு வேளை கஞ்சியோடு படுத்ததும் அந்தத் தலைமுறைக்கு நினைவில் இருக்கிறது. 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்பதே பெரிய வாக்குறுதியாக இருந்தது. அப்படி வளர்ந்த ஒருவருக்கு நிறையப் பொங்கி வைப்பது பாதுகாப்பு, சோற்றைக் கொட்டுவது பாவம். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருபவை. "அத்தை, குறைச்சுப் போடுங்க" என்றால் அவர் காதில் கஞ்சத்தனமாகத்தான் விழும். இரவில் மிஞ்சியதை அளக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். ஒரு வாரம் அவர் கையால் அளந்தால் எட்டாம் நாள் உலையில் அவரே குறைப்பார். சோற்றின் மேல் அவருக்கு இருக்கும் அந்த மரியாதைதான் இந்த விஷயத்தில் உங்களுக்குப் பெரிய துணை.

"யாராவது வந்தால்" என்பதற்கு ஒரு வழி வேண்டுமே என்பார். வேண்டும்தான். வீட்டில் எப்போதும் அவல், வறுத்த ரவை, சேமியா இருக்கட்டும். திடீரென்று ரெண்டு பேர் வந்தால் பத்து, பதினைந்து நிமிஷத்தில் சூடான அவல் உப்புமா ஆகிவிடும். காலையில் வடித்த சோற்றை இரவு வந்தவருக்குப் போடுவதைவிட அது மரியாதையான விருந்து. தினமும் வராத விருந்தாளிக்காகத் தினமும் ஒரு டம்ளர் கூடுதலாகப் பொங்க வேண்டியதில்லை.

கணவர் விஷயத்தில் நான் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். "ஃபிரிட்ஜில் வைத்ததைச் சாப்பிடமாட்டேன்" என்று வீட்டில் ஒருவர் சொன்னால், அந்த உணவை வேறொருவர் சாப்பிட்டாக வேண்டும் என்று அர்த்தம். உங்கள் வீட்டில் அந்த வேறொருவர் நீங்கள். இந்தக் கடிதத்தையும் உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளையும் அவரிடம் சேர்த்துக் காட்டுங்கள். நேற்றைய வத்தக்குழம்பு மேசைக்கு வந்தால் ஐந்து தட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் விழ வேண்டும். மகளுக்கும் அதேதான். முதலில் கொஞ்சமாகப் போடுங்கள், மறுசோறு கேட்டால் போடுங்கள். எட்டாவது படிக்கும் பெண்ணுக்குத் தன் பசி தெரியும். தட்டில் வைத்தால் அது அவளுடைய மிச்சம். நீங்கள் அதைத் தொடாதீர்கள்.

இனி வாட்ஸ்அப் கேள்வி. சோற்றைச் சூடு பண்ணுவதால் விஷம் ஆவதில்லை. அதற்கு முன்னால் அது எப்படிக் கிடந்தது என்பதில்தான் ஆபத்து. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியில் சாதாரணமாக இருக்கும். கொதிக்கிற உலையிலும் அவை சாவதில்லை. சோறு ஆறி, வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வெளியே கிடக்கும்போது முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நச்சு, மறுபடி நன்றாகச் சூடாக்கினாலும் அழிவதில்லை. காலை எட்டு மணிக்கு வடித்த சோறு, மதுரை வெயிலில், ராத்திரி பத்து மணி வரை மேடையில் இருந்துவிட்டு ஃபிரிட்ஜுக்குப் போனால் அதற்கு மேல் ஃபிரிட்ஜால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் வீட்டில் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

அதனால் இரவுக்குத் தேவையான சோற்றைக் காலையிலேயே தனியாக எடுத்து, அகலமான தட்டில் பரப்பி ஆற விடுங்கள். பரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். வடித்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சூடு முழுக்கத் தணிந்தால்தான் உள்ளே வைக்க வேண்டும் என்று சாயங்காலம் வரை காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதுதான் தவறு. சாப்பிடும்போது வேண்டிய அளவை மட்டும் எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்குங்கள். சூடாக்கியதைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம். இதைவிட எளிது, மதியத்துக்கு மட்டும் சோறு வைத்துவிட்டு இரவை இட்லி, தோசை, கோதுமை ரவை என்று மாற்றிக்கொள்வது.

பழைய சோறு வேறு கதை. தண்ணீரில் முழுக மூழ்கிய சோற்றில் இரவு முழுக்க லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்ந்து புளிப்பாக்குகின்றன. அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளை அடக்கி வைக்கிறது. நல்ல உணவுதான். ஆனால் அதற்கு இரவு வடித்த சோறு வேண்டும். ஆறியதும் சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடி, மறுநாள் காலையில் சாப்பிட்டுவிட வேண்டும். பகல் முழுக்க மேடையில் கிடந்த சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது. கையில் எடுத்தால் நூல் விடுகிறது, வழக்கமான புளிப்பு வாசனை இல்லாமல் வேறு நாற்றம் வருகிறது என்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். உங்கள் சர்க்கரை அளவுக்கு ஒரு வார்த்தை: பழைய சோறும் சோறுதான். ஒரு கிண்ணத்தோடு நிறுத்தி, சின்ன வெங்காயம், தயிர், ஏதாவது ஒரு காய் என்று மீதித் தட்டை நிரப்புங்கள். மோர் மிளகாயில் உப்பு அதிகம். மாமியாருக்கு ரத்த அழுத்தம் இருந்தால் அவருக்கு அது வேண்டாம்.

குழம்பு வகைகள் எல்லாம் ஒரே மாதிரி கெடுவதில்லை. தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, பருப்பு, பொரியல் ஆகியவை அன்றே தீர வேண்டியவை. புளியும் எண்ணெயும் சேர்ந்த வத்தக்குழம்பு, புளிக்குழம்பு, மீன் குழம்பு ஆகியவை ஃபிரிட்ஜில் மறுநாளும் நன்றாக இருக்கும். ஆகவே மதியம் மிஞ்சியதில் எதை முதலில் எடுப்பது என்பதில் கூட்டுக்கும் சட்னிக்கும்தான் முன்னுரிமை. மிஞ்சிய குழம்பையும் காயையும் ஒன்றாகச் சேர்த்துச் சுண்ட வைக்கும் பழக்கம் உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். அதை மகனுக்கு ஒருநாள் தோசைக்குத் தொட்டுக்கொள்ள வையுங்கள். ஃபிரிட்ஜ் உணவு வேண்டாம் என்கிற பிள்ளைகள் பல பேர் சுண்டக்குழம்பை வேண்டாம் என்பதில்லை.

ஃபிரிட்ஜில் எவர்சில்வர் கிண்ணங்களை மூடி போட்டு அடுக்கினால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. பின்வரிசைக்குப் போனது மறுவாரம்தான் வெளியே வரும். கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டை "முதலில் தீர வேண்டியது" என்று ஒதுக்கி, மிஞ்சியது எல்லாம் அங்கே மட்டும் இருக்கட்டும். உள்ளே காற்று போக இடம் விடுங்கள். திணித்து அடைத்த ஃபிரிட்ஜ் சரியாகக் குளிராது. பாலைக் கதவில் வைக்காதீர்கள், அடிக்கடி திறப்பதால் குளிர் குறைவான இடம் அதுதான்.

காய்கறிக்கு வருவோம். சந்தையில் கூறு கட்டி விற்கும்போது நமக்குத் தேவையானதைவிட அதிகம் வந்துவிடுகிறது. கூறு கத்தரிக்காய் மலிவு என்று வாங்கி, பாதி சூத்தையாகிப் போனால் அது மலிவு இல்லை. பக்கத்து வீட்டோடு பங்கு போட ஆள் இருந்தால் மட்டும் கூறு வாங்குங்கள். ஞாயிறு ஒருநாள் போவதற்குப் பதில் ஞாயிறும் வியாழனும் என்று இரண்டாகப் பிரிக்க முடிந்தால் பாதிப் பிரச்சனை தீர்ந்துவிடும். முடியாது என்றால் சமைக்கும் வரிசையையாவது மாற்றுங்கள். கீரை, வெண்டைக்காய், கத்தரிக்காய் ஆகியவை திங்கள், செவ்வாய்க்குள். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் நடுவில். சேனை, கருணை, வெட்டாத பூசணி கடைசியில். நிறைய வீடுகளில் ஞாயிறு வாங்கியவுடன் உருளைக்கிழங்கு வறுவல், கீரை புதன்கிழமை என்று தலைகீழாக நடக்கிறது.

கழுவிவிட்டு ஈரத்தோடு வைத்தால் எந்தக் காயும் சீக்கிரம் அழுகும். சமைக்கும்போது கழுவினால் போதும். கீரையையும் கொத்தமல்லியையும் பழுத்த இலை பொறுக்கி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பழைய வேட்டித் துணி இதற்கு அருமை. செய்தித்தாளில் சுற்றும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அச்சு மையில் இருக்கும் ரசாயனங்கள் உணவில் ஒட்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவி, ஈரம் போக உலர்த்தி, டப்பாவில் அடைத்தால் நீண்ட நாள் வரும். வாழைப்பழமும் பழுத்த தக்காளியும் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். பக்கத்தில் கீரை இருந்தால் சட்டென்று மஞ்சளாகிவிடும். இரண்டையும் ஃபிரிட்ஜுக்கு வெளியே, மற்ற காய்களிலிருந்து தள்ளி வையுங்கள். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட வேண்டாம்.

எவ்வளவு திட்டமிட்டாலும் வாரக் கடைசியில் ரெண்டு கேரட், அரை முருங்கைக்காய், நாலு அவரை என்று கிடக்கும். அதற்குத்தான் நெல்லைக்காரர்கள் கூட்டாஞ்சோறு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அரிசி, பருப்பு, கிடக்கிற காய் எல்லாம் ஒரே பாத்திரத்தில். அரிசியைக் குறைத்துக் காயை ஏற்றினால் உங்களுக்கும் ஏற்றது. சனிக்கிழமை மதியம் அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். பீர்க்கங்காய்த் தோல் துவையல், முள்ளங்கிக் கீரைப் பொரியல் எல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மாமியாரிடம் கேளுங்கள், கேட்டால் சந்தோஷப்படுவார்.

மாவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரத்துக்கு மொத்தமாக அரைத்து, முழுவதையும் வெளியே பொங்க வைத்து, பிறகு ஃபிரிட்ஜில் வைத்தால் நாலாம் நாள் புளிக்கும். குளிரில் புளிப்பது மெதுவாகுமே தவிர நிற்காது. அரைத்ததும் பாதியைப் பொங்க விடாமல் நேராக உள்ளே வைத்துவிட்டு, தேவைப்படும் நாளுக்கு முந்தின இரவு வெளியே எடுத்துப் பொங்க வையுங்கள். புளித்துவிட்டால் வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுக் குழிப்பணியாரம். மேலே இளஞ்சிவப்பாகவோ கருப்பாகவோ புள்ளி தெரிந்தால் முழுவதையும் கொட்ட வேண்டும், மேலாக வழித்துப் போடுவது போதாது.

கொட்டுவதற்கு மனசு வராமல் சாப்பிடக் கூடாதவை இன்னும் சில உண்டு. பூசணம் பிடித்த நிலக்கடலை, கொப்பரை, மக்காச்சோளம் மூன்றிலும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். அது கல்லீரலைப் பாதிக்கும், வறுத்தாலும் முழுக்கப் போகாது. ரொட்டியில் ஒரு மூலையில் பூசணம் தெரிந்தால் பொட்டலம் முழுவதும் போக வேண்டும். பச்சை படர்ந்து முளைவிட்ட உருளைக்கிழங்கும் அப்படியே. பொட்டலத்தில் 'பெஸ்ட் பிஃபோர்' தேதி தாண்டினால் சுவை குறையலாம் என்று அர்த்தம், முகர்ந்து பார்த்து முடிவு செய்யலாம். 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' தாண்டினால் சாப்பிடக் கூடாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து நல்ல பொருளைத் தூக்கிப்போடுபவர்களும் உண்டு, கெட்டதைச் சாப்பிடுபவர்களும் உண்டு.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு மிஞ்சியதைக் கொடுக்கலாமா என்று யோசிப்பீர்கள். கொடுக்கலாம், சமைத்த அன்றே, நீங்கள் சாப்பிடும் நிலையில் இருக்கும்போது, "வேணுமா அக்கா" என்று கேட்டுவிட்டு. மூன்று நாள் ஃபிரிட்ஜில் இருந்து உங்கள் வீட்டில் யாரும் தொடாததை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். அவர் வீட்டிலும் குழந்தைகள் இருப்பார்கள்.

உங்கள் வீடு ஒன்றுதான் இப்படி என்று குன்றிப்போக வேண்டாம். ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிட்டிருக்கிறது. அதில் தோலும் எலும்பும் போன்றவையும் அடக்கம். மிஞ்சியது என்று அம்மாக்கள் சாப்பிட்டுத் தீர்க்கும் சோறு அந்தக் கணக்கில் வராது.

இந்த வாரம் டம்ளர் அளவை மட்டும் தொடங்குங்கள். மாவு, சந்தை, ஃபிரிட்ஜ் தட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் வீட்டில் சண்டைதான் வரும். இரவு எட்டு மணிக்கு எல்லோரோடும் உட்கார்ந்து, உங்கள் தட்டில் போட்டதைச் சாப்பிட்டு, எழுந்துவிடுங்கள். சாப்பிட்ட பின் மாமியாரோடு தெருவில் ஒரு கால்மணி நேரம் நடந்துவிட்டு வரலாம். உங்கள் மருத்துவரிடம் 6.1 என்ற அளவைக் காட்டி அவர் சொல்வதையும் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி எடுத்து, அந்த எண்ணையும் ஒருநாள் ராத்திரி எத்தனை டம்ளர் சோறு மிஞ்சுகிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.